கொல்லைப் பலாவின் குரல்

மரம் தானாகப் பேசுவதில்லை. தட்டிக் கேட்பவருக்கே விடை சொல்லும். இசைக்கருவி செய்யும் கைவினைஞர் இதனை நன்கு அறிவர். ஒரு பலகையை எடுத்து, அதன் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தள்ளி, இரு விரல்களால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவே விரல் முட்டியால் தட்டுவர். சில பலகைகள் மண்சுவரைத் தட்டியதுபோலத் ‘தொப்’பென்று அடங்கிவிடும். சில பலகைகளோ வெண்கலக் கிண்ணம்போலச் சற்று நேரம் அதிர்ந்து நின்று, பிறகே ஓயும். மரம் தன்னைப் பற்றித் தரும் சான்றிதழ் அந்த ஓசைதான். அதில் மரத்தின் பெயர் இராது, ஊரும் இராது, விலையும் இராது.

ஆயினும் உலகம் மரத்தைப் பெரும்பாலும் பெயரைக் கொண்டே மதிக்கிறது. கித்தார் என்னும் நரம்புக் கருவியை எடுத்துக்கொண்டால், அதன் முகப்புப் பலகைக்குக் குளிர்நாடுகளில் வளரும் ஸ்புரூஸ் அல்லது சிடார் மரத்தையும், முதுகுக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி மரத்தையும் பயன்படுத்துவது நெடுநாளைய வழக்கம். ஈட்டி மரத்துள்ளும் பிரேசில் நாட்டு ஈட்டிக்கே முதன்மை தந்தனர். அந்த மதிப்பே அம்மரத்துக்குக் கேடாயிற்று. காடுகளில் அது அருகிப்போகவே, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 1992ஆம் ஆண்டில் அதனைத் தன் முதற்பட்டியலில் சேர்த்து, அதன் வணிகத்தை ஏறக்குறைய முற்றாகத் தடுத்தது. அதற்குப் பின் கைவினைஞர் பலர் தென்னிந்தியாவின் ஈட்டியையே பெரிதும் நாடினர். 2017 சனவரி 2 முதல் ஏனைய ஈட்டி இனங்கள் அனைத்துமே அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றன. நாடுவிட்டு நாடு செல்லும் ஒவ்வொரு பலகைக் கட்டுக்கும் அனுமதிச் சான்று வேண்டியதாயிற்று. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் இறுதியில் விலக்குக் கிடைத்தது, பலகைக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சட்ட மாற்றம் தன் வீட்டு வாசலையும் வந்து தட்டும் என்று பேராக் மாநிலத்தில் வாழ்ந்த ஓர் ஆசிரியர் எண்ணியிருக்கமாட்டார். இடைநிலைப்பள்ளியில் நெடுங்காலம் மரவேலை கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். பணியில் இருந்த நாள்களிலேயே பொழுதுபோக்காகச் சில கித்தார்களைச் செய்து பழகியிருந்தார். அவருடைய இளைய மகள் கித்தார் இசையை முறையாகப் பயின்றுகொண்டிருந்தாள். இரவல் கருவியிலேயே பயின்றுவந்த அவளுக்குச் சொந்தமாக ஒன்று செய்து தருவதாக அவர் வாக்களித்திருந்தார். அதற்கென ஈட்டிப் பலகை வரவழைக்க முயன்ற வேளையில்தான் அனுமதி, சான்று, காத்திருப்பு, ஏறிய விலை என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தடைகள் வந்தன. அப்போது அவருடைய பார்வை வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகைப் பக்கம் திரும்பியது. அங்கே எட்டு ஆண்டுகளாகச் சில பலகைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவை பலா மரப் பலகைகள்.

அந்தப் பலாவுக்கு ஒரு வரலாறு உண்டு. அவருடைய பெற்றோர் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளர். நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில், லயத்து வீட்டின் கொல்லையில் அவருடைய தாயார் ஒரு பலாக்கொட்டையை ஊன்றினார். அது முளைத்து மரமாயிற்று. பிஞ்சு கறியாயிற்று, பழம் அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் பங்காயிற்று, கொட்டை குழம்பிலும் தணலிலும் வெந்தது. தாயார் அம்மரத்தில் ஓர் இரும்பாணி அடித்துக் கொடி கட்டினார். பால் வாடை நீங்காத வேலைத்துணிகள் அந்தக் கொடியில் நாள்தோறும் உலர்ந்தன. விடியுமுன்னே பெரட்டுக்கு அழைக்கும் மணி ஒலிக்கும்போது, மரத்தடியில் அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும்.

2009ஆம் ஆண்டில் அந்தத் தோட்டம் வீடமைப்புக்காகக் கைமாறியது. லயங்கள் இடிக்கப்பட்டன. தாயார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆசிரியர் போய்ச் சேர்ந்தபோது பலா மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. ஓர் ஆள் கைகளை விரித்து அணைத்தாலும் விரல்கள் ஒன்றையொன்று தொடாத பருமன் அதற்கு. மண்ணோடு மண்ணாகத் தள்ளிப் புதைக்கப்பட இருந்த மரத்திலிருந்து, நான்கடி நீளத்தில் இரண்டு துண்டுகளை மட்டும் லோரி ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்தார். எதற்காக என்று அன்று அவரால் சொல்ல முடிந்திருக்காது. தாய் வீட்டில் எஞ்சியது அதுதான்.

ஆனால் மரவேலை ஆசிரியர் என்ற முறையில் செய்யவேண்டியவற்றை அன்றே செய்தார். வெட்டுவாய் வழியே ஈரம் விரைந்து வெளியேறினால் மரம் பிளந்துவிடும். ஆகவே இரு முனைகளிலும் சாயம் பூசினார். சிறிய மர ஆலை ஒன்றில் கொடுத்து, மரத்தின் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி, மையத்திலிருந்து ஆரம்போல அறுக்கச் செய்தார். அப்படி அறுத்த பலகை குறைவாகவே சுருங்கும், நெளிவதும் குறைவு. பலகைகளுக்கிடையே காற்றோடும்படி சிறு சட்டங்களை வைத்து அடுக்கினார். மாதம் ஒருமுறை ஒரு பலகையை நிறுத்து, எடையைப் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றில் பென்சிலால் குறித்துவந்தார். எடை குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றது. இந்நாட்டுக் காற்றின் ஈரத்தோடு மரம் சமநிலை கொண்டுவிட்டது என்பது அதற்குப் பொருள்.

“பலாவில் கித்தாரா, அப்பா?” என்று மகள் கேட்டாள்.

“ஏன் அம்மா, கூடாதா?”

“எல்லாரும் ஈட்டியில் செய்த கருவியோடு வருவார்கள். நான் மட்டும் கொல்லை மரத்தைத் தூக்கிக்கொண்டு தேர்வாளர் முன்னால் போய் உட்காரவேண்டுமா?”

அவள் கேள்வியில் செருக்கில்லை, அச்சம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் நகரத்துப் பள்ளிக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைக்கும்போது கொள்ளும் அதே அச்சம். அவ்வச்சத்தை அந்தத் தந்தையும் ஒரு காலத்தில் அறிந்தவர்தான். ஆதலால் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மாறாக, அவளுடைய ஐயத்தைத் தம்முடைய ஐயமாகவே எடுத்துக்கொண்டு ஆராயத் தொடங்கினார்.

முதலில், பலா இசைக்குப் புதியதா என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில்தான் உருவாகிறது. குடம், தண்டி, யாளி முகம் ஆகிய மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை எனப்படும். அதற்குரிய மரம் பெரும்பாலும் பண்ணுருட்டிப் பகுதியிலிருந்து தஞ்சைக்கு வருகிறது. 2013ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடும் பெற்றது. மிருதங்கத்தின் கட்டையும் பலாதான். கோயில் மணியோசையைக் கேட்டு வளர்ந்த பலாவே வீணைக்குச் சிறந்தது என்றொரு நம்பிக்கையும் கைவினைஞரிடையே உண்டு.

தமிழகத்தோடு இது நின்றுவிடவில்லை. மலாய்க்காரர் நங்கா என்றழைக்கும் இம்மரத்தைக் குடைந்தே பழைய மலாய்க் கம்புஸ் கருவியைச் செய்தனர். சாவகத் தீவின் கெண்டாங் முழவுக்கும் நங்கா மரமே விரும்பப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு மாநிலத்தில், மக்தான் தீவில், கித்தார் செய்வது வழிவழிவந்த கைத்தொழில். ஸ்பானியர் கொண்டுவந்த கருவியை அத்தீவு மக்கள் தம் ஊர் மரத்தில் செய்யக் கற்றனர். அங்கே லங்கா எனப்படும் பலா, கித்தாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் பல தலைமுறைகளாகப் பயன்பட்டு வருகிறது. ஐரோப்பிய, அமெரிக்க விலைப்பட்டியல்களில் பலா அரிய மரம். ஆசியாவின் இசை மரபிலோ அது மூத்த குடி.

இந்தச் செய்திகள் ஆசிரியருக்கு ஊக்கமளித்தன. ஆயினும் அவர் அவசரப்படவில்லை. வீணையின் உறவினன் என்பதனாலேயே ஒரு பலகை கித்தாருக்குத் தகுதி பெற்றுவிடுமா? வீணை குடைந்து எடுக்கப்படுவது. கித்தாரின் முதுகு 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் இழைக்கப்படுவது. பக்கங்களோ 2 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்து, சூட்டில் வளைக்கப்படுவன. நைலான் நரம்புகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோகிராம் இழுவிசையை அந்த மெல்லிய பெட்டியின்மேல் இரவும் பகலும் செலுத்திக்கொண்டிருக்கும். மரம் இலேசாகவும் இருக்கவேண்டும், விறைப்பாகவும் இருக்கவேண்டும். அதிர்வை விழுங்கிவிடாமல் திருப்பித் தரவும் வேண்டும். குலப்பெருமை இந்தத் தேர்வில் மதிப்பெண் பெற்றுத் தராது.

மற்றொரு பக்கமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கித்தாரின் குரலில் முதுகு மரத்துக்கு உள்ள பங்குதான் எவ்வளவு? இன்றைய கித்தாரின் வடிவத்தை வகுத்தவர் எனப் போற்றப்படும் ஸ்பானியக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோர்ரெஸ் (1817-1892) இக்கேள்வியை முன்பே எழுப்பினார். 1862ஆம் ஆண்டில், முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையாலும் முகப்பை மட்டும் நல்ல மரத்தாலும் அமைத்து அவர் ஒரு கித்தார் செய்தார். குரலுக்கு முதற்காரணம் முகப்புப் பலகையே என்பதை மெய்ப்பிப்பது அவர் நோக்கம். அக்கருவி இன்றும் பார்சலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

அண்மைக் காலத்திலும் இதனைச் சோதித்துப் பார்த்தனர். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றுக்காக ஆறு கித்தார்கள் செய்யப்பட்டன. வடிவமும் முகப்பும் ஒரே வகை. முதுகும் பக்கங்களும் மட்டும் ஆறு வேறு மரங்கள். அவற்றுள் பிரேசில் ஈட்டியும் இந்திய ஈட்டியும் இருந்தன. மலிவான மரங்களும் இருந்தன. மங்கிய வெளிச்சத்தில், மரத்தைக் கண்டுகொள்ள இயலாதபடி பற்றவைப்போர் அணியும் கறுப்புக் கண்ணாடியை அணிந்து, 52 கலைஞர்கள் அவற்றை வாசித்து மதிப்பிட்டனர். ஆறு கருவிகளுக்கும் அவர்கள் வழங்கிய மதிப்பில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. விலைமிக்க ஈட்டிக்குத் தனிச்சிறப்பு எதுவும் கிடைக்கவில்லை. கண் மூடியதும் பெயரும் மறைந்துபோயிற்று.

இவற்றையெல்லாம் படித்தறிந்த ஆசிரியர் ஒருநாள் கொட்டகையைத் திறந்து பலகைகளைக் கீழே இறக்கினார். தலைநகரில் மிருதங்கம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் அவருக்குப் பழக்கமானவர். அவரையும் அழைத்திருந்தார். முதியவர் சப்பணமிட்டு அமர்ந்து, பலகை ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். ஆசிரியரோ ஒவ்வொன்றையும் அளந்தார், நிறுத்தார். 55 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் கனமும் கொண்டு அறுத்த துண்டு ஒன்று 268 கிராம் எடை காட்டியது. கணக்கிட்டால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 610 கிலோகிராம். ஈட்டியைவிட இலேசு, மகோகனிக்கு நெருக்கம். கையால் வளைத்துப் பார்த்தபோது விறைப்பு போதுமானதாக இருந்தது. முதியவரும் நான்கு பலகைகளை ஒருபுறமாக எடுத்து வைத்து, “வைரம் நன்றாகப் பாய்ந்திருக்கிறது, வாத்தியாரய்யா. இவை பேசுகின்றன” என்றார்.

எஞ்சியிருந்தவற்றுள் ஒன்று மிக அகலமான பலகை. அதன் நடுவே கறுத்த கறை ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது. கறையின் உச்சியில் துருப்பிடித்த ஆணியின் முனை தெரிந்தது. தாயார் கொடி கட்டிய அதே ஆணி. மரம் வளர வளர அதனைத் தன் வைரத்துக்குள் வாங்கிக்கொண்டு மூடிவிட்டிருந்தது. ஆலையில் வாள்பற்களுக்கு ஒரு விரற்கடை தள்ளி அது தப்பியிருக்கிறது. அந்தப் பலகையே கித்தாரின் முதுகாக அமையவேண்டும் என்று ஆசிரியர் நெடுநாளாகவே மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். ஆணியை நீக்கிவிட்டு, கறையை அப்படியே முதுகின் நடுவில் விட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். மகள் மடியில் கருவியை ஏந்தும்போது பாட்டியின் கொடி அவள் நெஞ்சோடு சேர்ந்திருக்கும்.

முதியவர் அதனைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். பிறகு மெல்லக் கீழே வைத்தார்.

“இது பேசவில்லை, வாத்தியாரய்யா.”

ஆசிரியர் விடை கூறவில்லை. அவருக்கும் அது தெரியும். ஆணியைச் சுற்றி மரத்தின் நார் திசைமாறி ஓடியிருந்தது. மயிரிழை போன்ற வெடிப்பொன்றும் உள்ளே இறங்கியிருந்தது. மெல்லியதாக இழைத்தால் அது அவ்விடத்திலேயே பிளக்கும். தம் மாணவர்களில் எவனாவது அந்தப் பலகையைத் தேர்ந்தெடுத்திருந்தால், ஒரு நொடியில் அவன் பிழையைச் சுட்டிக்காட்டியிருப்பார். தம் கைக்கு வந்தபோது மட்டும் அவர் காது கேட்க மறுத்தது.

அன்றிரவு அவர் உறங்க நேரமாயிற்று. ஈட்டி என்ற பெயருக்காக ஒரு மரத்தைத் தேர்ந்தெடுப்பது தவறானால், அன்னை நட்டது என்பதற்காக ஒரு பலகையைத் தேர்ந்தெடுப்பதும் அதே தவறுதானே? முன்னதை விலையின் மயக்கம் என்றால், பின்னதை அன்பின் மயக்கம் எனலாம். இரண்டிலும் மரத்தின் சொல்லைக் கேளாமல், கேட்பவர் தம் சொல்லையே அதன்மேல் ஏற்றுகிறார். தேர்வுக்குப் போகிறவள் மகள். தந்தையின் நினைவுச் சுமையை அவள் தூக்கிச் செல்லவேண்டிய கடப்பாடு ஏதும் இல்லை. மறுநாள் காலையில் அந்தப் பலகையைத் தனியே எடுத்துச் சுவரோரம் சாத்திவிட்டு, முதியவர் ஒதுக்கிய நான்கு பலகைகளையே வேலைமேசைக்குக் கொண்டுவந்தார்.

பலாவை இழைப்பது மஞ்சள் வேலை. புதிதாகச் சீவிய பலா மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல ஒளிரும். இழைப்புளியின் வாயிலிருந்து சுருள்சுருளாகப் பொன்னிறச் சீவல் விழும். ஆசிரியரின் கைகளும் சட்டையும் மஞ்சளாயின. தென்கிழக்காசிய நாடுகளில் வனத்துறவு பூண்ட பௌத்தத் துறவியர், பலாவின் வைரத்தைக் கொதிக்கவைத்து எடுத்த சாயத்தில்தான் தம் ஆடைகளைத் தோய்ப்பர். அந்தச் சாயத்தின் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் ஓயாது. ஆகவே முகமூடியின்றி வேலை செய்யலாகாது. நாள் செல்லச் செல்ல, காற்றும் ஒளியும் பட்டு, இந்த மஞ்சள் செம்பழுப்பாக முதிரும். வீணைகளின் ஆழ்ந்த நிறத்துக்கும் அது அடிப்படை.

இழைத்த பலகைகளைத் திறந்த கொட்டகையில் விட்டுவைக்க முடியாது. இந்நாட்டின் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டளவில் இருக்கும். அந்த ஈரத்தோடு ஒட்டிவிட்டால், பின்னாளில் குளிரூட்டிய மண்டபத்தின் வறண்ட காற்றில் மரம் சுருங்கி வெடிக்கும். எனவே சிறிய அறை ஒன்றை அடைத்து, ஈரமுறிஞ்சும் பொறியை வைத்து, ஈரப்பதத்தை 50 விழுக்காட்டளவில் நிறுத்தினார். அந்த அறையில் சில மாதங்கள் பலகைகள் மறுபடியும் காத்திருந்தன.

பிறகு வளைக்கும் நாள் வந்தது. பக்கப்பலகையை நீரில் நனைத்து, சூடேற்றிய இரும்புக் குழாயின்மேல் வைத்து, ஆவி எழ எழ மெல்ல அழுத்தவேண்டும். கித்தாரின் இடுப்புப் பகுதிதான் மிகக் கடினம். அங்கே வளைவு திசை மாறுகிறது. பலாவின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்ததால் வளைவு சீராக வரவில்லை. முதற்பலகை இடுப்பில் ‘டக்’கென்று முறிந்தது. பக்கங்களுக்கென ஆயத்தம் செய்யப்பட்டவை மூன்றே மூன்று. வேண்டியவை இரண்டு. இனி ஒன்று முறிந்தால் பலாக் கித்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அன்று வேலையை நிறுத்திவிட்டார். முறிந்த துண்டுகளை எடுத்து ஒரு வாரம் பயின்றார். எவ்வளவு நேரம் நனைப்பது, எந்தச் சூட்டில் மரம் இளகுகிறது, எந்தச் சூட்டில் கருகுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டார். இன்னும் சற்று மெலிதாக இழைத்தார். வளைவின் வெளிப்புறத்தில் மெல்லிய உலோகப் பட்டையை அணைத்துப் பிடித்து, நார் எழும்பாமல் காத்தார். அவசரப்படாத கைக்கு மரம் இணங்கியது. இரண்டாவது பலகை வளைந்தது. மூன்றாவதும் வளைந்தது. அடுக்களை வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள் அப்போதுதான் முதன்முறையாக உள்ளே வந்து, சூடாறாத அந்த வளைவைத் தொட்டுப் பார்த்தாள்.

முகப்புக்கு ஸ்புரூஸ் மரத்தையே அவர் வைத்தார். அதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. முகப்புப் பலகைக்குத் தேவையான இலேசும் விறைப்பும் அந்தக் குளிர்நாட்டு மரத்தில் சிறப்பாக அமைந்திருக்கின்றன. வெளிநாட்டது என்பதால் ஒன்றைத் தள்ளுவதும், உள்ளூரது என்பதால் மற்றொன்றைக் கொள்ளுவதும் செவியின் வேலை அல்ல. பனிமலையில் வளர்ந்த மரமும் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த மரமும் ஒரே பெட்டியில் ஒட்டப்பட்டன. அரக்கு மெருகு பல பூச்சுகளாக ஏறியது. 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கருவிக்கு நரம்பு கட்டப்பட்டது.

அதன் குரல் எப்படி இருந்தது? மகள் வாசித்தாள், தந்தைக்கு அது உலகிலேயே இனிய குரலாகக் கேட்டது. ஆனால் அந்த ஆசிரியர் தம் காதை அப்போதும் நம்பவில்லை. ஈட்டி மரக் கித்தார் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினார். தாமும் மிருதங்க முதியவரும் சுவரைப் பார்த்து அமர்ந்துகொள்ள, மகளை ஒரே பாடலை இரு கருவிகளிலும் மாற்றி மாற்றி ஐந்து முறை வாசிக்கச் சொன்னார். எது பலா என்று அவர்கள் சொல்லவேண்டும்.

ஐந்தில் மூன்று முறை ஆசிரியர் பிழையாகச் சொன்னார். ‘இதோ, நம் பலாவின் வெதுவெதுப்பான குரல்’ என்று அவர் பெருமிதத்தோடு சொன்னபோது ஒலித்தது ஈட்டி. முதியவருக்கும் இரண்டு பிழைகள். மகள் சிரித்துவிட்டாள். சற்று நேரத்தில் ஆசிரியரும் சிரித்தார். எதிர்பார்த்த வெற்றி அது அன்று. ஆயினும் அதைவிட நல்ல விடை. பலா ஈட்டியை வென்றுவிடவில்லை. ஈட்டிக்கு அஞ்சி ஒதுங்கவேண்டிய நிலையிலும் இல்லை. சமமாக அமர்ந்து பாடத் தெரிந்திருந்தது. இரு கருவிகளின் முகப்பும் அமைப்பும் வேறுபட்டவை. ஆகவே இது முறையான ஆய்வாகாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் மகளின் அச்சத்துக்கு அந்த மாலைப்பொழுது போதுமான மருந்தாயிற்று. “தேர்வாளர் கேட்டால் என்ன மரம் என்று சொல்லட்டும், அப்பா?” என்று கேட்டவள், அவர் வாய் திறப்பதற்குள் தானே விடை சொன்னாள்: “நங்கா. எங்கள் பாட்டி நட்டது.”

சுவரோரம் சாத்தியிருந்த அகலப் பலகை வீணாகிவிடவில்லை. ஆசிரியர் அதனைக் கனம் குறைக்காமல் அறுத்து, நான்கு மூலைகளையும் உருட்டி, உட்காரும் மணை ஒன்று செய்தார். பலாமணை தமிழர் வீட்டுக்குப் புதியதன்று. ஆணியை நீக்கவில்லை, அதன் தலை கையில் படாதபடி மட்டும் மழித்துவிட்டார். பேசத் தெரியாத பலகைக்குச் சுமக்கத் தெரிந்திருந்தது. மாலைதோறும் மகள் நாற்காலியில் அமர்ந்து வாசிக்க, அவர் அந்த மணைமேல் அமர்ந்து கேட்பது வழக்கமாயிற்று.

இந்தச் சிறு நிகழ்ச்சியைக் கொண்டு, கொல்லைப் பலா மரங்களையெல்லாம் வெட்டிக் கருவி செய்யலாம் என்று யாரும் கருதிவிடக் கூடாது. கனி தரும் மரம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதே அழகு. சாய்க்கப்பட்டுவிட்ட மரத்தை மண்ணில் புதையவிடாமல், அதன் தகுதியறிந்து பயன்படுத்தியதே இங்கே நடந்தது. ஒரு பெயரின் பின்னால் உலகம் முழுவதும் ஓடினால் காடு அழியும் என்பதற்குப் பிரேசில் ஈட்டியின் கதையே சான்று. ஒவ்வோர் ஊரும் தன்னிடமுள்ள மரத்தைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டால், இசையும் பிழைக்கும், காடும் பிழைக்கும்.

வகுப்பறையில் நிற்போருக்கும் அந்த மரவேலை ஆசிரியரின் அனுபவம் உதவக்கூடும். எந்தத் தோட்டம், எந்தக் குடும்பம், முன்னர் எந்தப் பள்ளி என்ற பெயர்கள் ஒரு மாணவனுக்கு முன்பாகவே வகுப்புக்குள் வந்துவிடுகின்றன. அவன்மேல் கொண்ட பரிவும் சில வேளைகளில் அவன் குரலைக் கேட்கவிடாமல் தடுத்துவிடுகிறது. இரண்டையும் சற்றே ஒதுக்கிவைத்து, மெல்லத் தட்டி, பொறுமையாகக் காதுகொடுப்பதே ஆசிரியத் தொழிலின் தொடக்கம். பேசும் பலகைக்குக் கருவியிலும், சுமக்கும் பலகைக்கு மணையிலும் இடம் காண்பது அதன் நிறைவு.

லயங்கள் இருந்த இடத்தில் இன்று வரிசை வீடுகள் நிற்கின்றன. பெரட்டு மணி கட்டியிருந்த கம்பமும் இல்லை. கோயில் மணி கேட்டு வளர்ந்த பலாவே சிறந்தது என்ற நம்பிக்கை உண்மையோ அன்றோ, இந்தப் பலா கேட்டு வளர்ந்தது விடியற்காலைப் பெரட்டு மணியை. அதன் மஞ்சள் நிறம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செம்பழுப்பாக மாறிவருகிறது. மாலையில் நரம்பை மீட்டும்போதெல்லாம், ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு லயத்துக் கொல்லையில் நின்ற மரம் அதிர்ந்து, நின்று, ஓய்கிறது.